வீட்டு வரி ஏறுகிறது, பள்ளிக்கு ஏன் பணம் போதவில்லை? கலிஃபோர்னியாவின் பள்ளி நிதிக் கணக்கு

நீங்கள் கேட்டது இது: சில ஆண்டுகளுக்கு முன் ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கினீர்கள். ஆண்டுக்கு 18,000 டாலருக்கு மேல் சொத்துவரி கட்டுகிறீர்கள். அப்படியும் உங்கள் பிள்ளையின் பள்ளி, கலை வகுப்புக்கும் நூலகத்துக்கும் பெற்றோரிடம் நன்கொடை கேட்கிறது. டம்பார்ட்டன் பாலத்தைத் தாண்டி பாலோ ஆல்டோ போனால் அங்கே பள்ளிகள் வசதியாக இருக்கின்றன. "எங்கள் வரியை மாநிலம் பிடுங்கி வேறு ஊர்களுக்குக் கொடுக்கிறதா?" என்று கோபமாகவே கேட்டிருந்தீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வரி எங்கே போகிறது என்பது ஒன்று. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் புரிந்துகொண்டால் முதலாவது தானாகவே விளங்கிவிடும். கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டங்களின் வரவுசெலவுக் கணக்குகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல, வரி ஆலோசகனும் அல்ல.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை, உங்கள் சொத்துவரி வேறு ஊருக்குப் போவதில்லை. ஃப்ரீமான்ட் இருக்கும் அலமீடா கவுன்டியில் வசூலாகும் சொத்துவரி அலமீடா கவுன்டிக்குள்ளேயேதான் பிரிக்கப்படுகிறது. ஆனால் அது முழுவதும் பள்ளிக்குப் போவதாக நினைக்காதீர்கள். உங்கள் வரிச்சீட்டில் முதலில் இருக்கும் ஒரு சதவீத வரியை நகராட்சி, கவுன்டி, சிறப்பு மாவட்டங்கள், சமுதாயக் கல்லூரி, பள்ளி மாவட்டம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி கல்விக்குப் போகிறது. யாருக்கு எத்தனை பங்கு என்ற விகிதம் பெரும்பாலும் 1970களின் இறுதியில் இருந்த நிலவரத்தை ஒட்டியே இன்றும் நடக்கிறது. அதற்குக் கீழே தனித்தனி வரிகளாக இருக்கும் பள்ளிக் கடன்பத்திரத் தொகையும் பார்சல் டாக்ஸும் (சொத்தின் மதிப்பைப் பாராமல் மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி) மட்டும் முழுமையாக உங்கள் மாவட்டத்துக்கே சேரும். கடன்பத்திரப் பணத்தைக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும்தான் செலவழிக்கலாம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொட முடியாது. பள்ளியில் புதுக் கட்டடம் எழும்பும்போதே ஆசிரியர்களை நிறுத்துகிறார்களே என்று பலர் கேட்பதற்கு இதுதான் விடை.

சரி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று எப்படி முடிவாகிறது? 2013இல் ஜெரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது வந்த சூத்திரம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. லோக்கல் கன்ட்ரோல் ஃபண்டிங் ஃபார்முலா என்பது அதன் பெயர், எல்லோரும் சுருக்கமாக எல்.சி.எஃப்.எஃப். என்று சொல்வார்கள். இதில் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு அடிப்படை மானியம். 2023-24ஆம் கல்வியாண்டில் இது மூன்றாம் வகுப்பு வரை 9,919 டாலர், நான்கு முதல் ஆறு வரை 10,069, ஏழு எட்டுக்கு 10,367, உயர்நிலைப் பள்ளிக்கு 12,015. (சின்ன வகுப்புகளுக்கும் உயர்நிலைக்கும் இதன்மேல் சிறிய கூடுதல் தொகை உண்டு.) அடுத்தது துணை மானியம். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், இலவச அல்லது குறைந்த விலை உணவுக்குத் தகுதியுள்ள குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், அரசுப் பாதுகாப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகள், இந்த மூன்று வகையில் எதிலாவது சேரும் ஒவ்வொருவருக்கும் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல். ஒரே பிள்ளை மூன்று வகையிலும் வந்தாலும் ஒரு தடவைதான் கணக்கு. மூன்றாவது செறிவு மானியம். மாவட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இன்னும் கூடுதல். அந்தக் கூடுதல் முதலில் அடிப்படையில் 50 சதவீதமாக இருந்தது, 2021-22 முதல் 65 சதவீதம் ஆனது.

எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் இந்த வகைப் பிள்ளைகள் நூற்றுக்கு 25 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் துணை மானியமாகக் கிடைப்பது 5 சதவீதம், செறிவு மானியம் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு 10,069 டாலர் சுமார் 10,570 ஆகும். வேறொரு மாவட்டத்தில் நூற்றுக்கு 85 பேர் என்றால் துணை மானியம் 17 சதவீதம், செறிவு மானியம் 19.5 சதவீதம். அதே வகுப்புப் பிள்ளைக்குச் சுமார் 13,740 டாலர் வரும். ஃப்ரீமான்ட் ஒன்றிய மாவட்டம் முதல் வகையைச் சேர்ந்தது. படித்து நல்ல வேலையில் இருக்கும் குடும்பங்கள் அதிகம், ஆகவே அடிப்படைக்கு மேல் கிடைப்பது கொஞ்சம்தான்.

இந்தக் கணக்கில் உங்கள் வீட்டின் விலை எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சூத்திரம் பிள்ளைகளை எண்ணுகிறது, வீடுகளை எண்ணுவதில்லை. மாவட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று முடிவான பிறகுதான் சொத்துவரி உள்ளே வருகிறது. ஒரு குடத்தில் கோடு போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளூர்ச் சொத்துவரியை ஊற்றுகிறார்கள். கோடு வரை எவ்வளவு குறைகிறதோ அதை மாநிலம் தன் வருமான வரி, விற்பனை வரிப் பணத்திலிருந்து ஊற்றி நிரப்புகிறது. ஃப்ரீமான்ட்டில் வீடுகள் கைமாறி, புது விலைக்கு வரி ஏறி, பள்ளிக்கு 10 லட்சம் டாலர் கூடுதலாக வந்தால் மாநிலம் ஊற்றுவது அதே 10 லட்சம் குறையும். கோடு நகராது. உங்கள் வரி ஏறியும் பள்ளிக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு முழு விடை இதுதான். ஒரு விதத்தில் நீங்கள் சந்தேகித்ததில் பாதி உண்மை இருக்கிறது: உங்கள் வரி ஊரைவிட்டுப் போகவில்லை, ஆனால் அதனால் மிச்சமாகும் பணத்தை மாநிலம் வேறு இடத்தில் செலவிட முடிகிறது.

இப்போது பாலோ ஆல்டோ. அங்கே சொத்துவரி மட்டுமே கோட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதை மாநிலம் எடுத்துக்கொள்வதில்லை, மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். இவற்றை பேசிக் எய்ட் மாவட்டங்கள் என்பார்கள். மாநிலத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் நூறுக்கும் அதிகமானவை இந்த வகை. அங்கே பிள்ளைக்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகச் செலவழிக்க முடிவது இதனால்தான், பார்சல் டாக்ஸும் நன்கொடையும் அதற்கு மேல். இந்த மாவட்டங்களுக்குப் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் பெரிதாக எதுவும் அதிகம் வராது, இருக்கும் பணம் இன்னொரு தலைக்குப் பங்காகும். பொய் முகவரி கொடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பவர்களை அங்கே இவ்வளவு கெடுபிடியாகச் சோதிப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. ஃப்ரீமான்ட் போன்ற மாவட்டத்துக்கு நேர் எதிர்: பிள்ளை வந்தால் பணம் வரும், போனால் போகும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதன் நியாய அநியாயத்தைப் பேச முடியாது. 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜான் செரானோ என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட எண்கள் இன்று படித்தாலும் உறுத்துகின்றன. 1968-69இல் பெவர்லி ஹில்ஸ் மாவட்டம் ஒரு பிள்ளைக்கு 1,232 டாலர் செலவழித்தது, அதே கவுன்டியில் இருந்த பால்ட்வின் பார்க் 577 டாலர். பால்ட்வின் பார்க் மக்கள் வரி கட்டாமல் இல்லை. சொத்தின் மதிப்பில் 100 டாலருக்கு 5.48 டாலர் கட்டினார்கள், பெவர்லி ஹில்ஸில் 2.38தான். இரண்டு மடங்குக்கு மேல் வரிவிகிதம், பாதிக்கும் குறைவான பணம். காரணம், ஒரு பிள்ளைக்கு இருந்த சொத்து மதிப்பு பெவர்லி ஹில்ஸில் 50,885 டாலர், பால்ட்வின் பார்க்கில் 3,706. பிள்ளையின் படிப்பு அக்கம்பக்கத்தாரின் செல்வத்தைப் பொறுத்திருக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில், 1973இல், டெக்சாஸ் வழக்கு ஒன்றில் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசியல் சாசனம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்டது. அதனால்தான் அமெரிக்காவில் இந்தச் சண்டை மாநிலம் மாநிலமாக நடக்கிறது, மாநிலத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. டெக்சாஸில் நீங்கள் பயந்தது உண்மையாகவே நடக்கிறது: சொத்துவளம் மிகுந்த மாவட்டங்களின் உபரியை மாநிலம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பிளேனோவில் வசிக்கும் நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கலிஃபோர்னியாவில் அடுத்து வந்தது வாக்காளர்களே வாக்களித்து நிறைவேற்றிய 1978இன் புரொபொசிஷன் 13. சொத்துவரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு. வீடு விற்கப்படும் வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. உங்கள் தெருவில் முப்பது ஆண்டாக இருப்பவர் அதே அளவு வீட்டுக்கு உங்களைவிட மிகக் குறைவாகக் கட்டுவது இதனால்தான். உள்ளூர் வரிவிகிதத்தை உயர்த்தும் அதிகாரம் பள்ளி மாவட்டத்தின் கையைவிட்டுப் போனது. மிஞ்சியது பார்சல் டாக்ஸ், அதற்குப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். செரானோ தீர்ப்பினால்தான் புரொபொசிஷன் 13 வந்தது என்று வில்லியம் ஃபிஷெல் என்ற பொருளாதார அறிஞர் வாதிட்டார். தன் வரி தன் ஊர்ப் பள்ளிக்குப் பயன்படாதபோது வீட்டுக்காரருக்கு அதைக் காப்பாற்றும் அக்கறை போய்விட்டது என்பது அவர் வாதம். வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். வீட்டு விலை வேகமாக ஏறியதே போதுமான காரணம் என்பதே என் கருத்தும். ஆனால் இது இன்னும் தீராத விவாதம், உறுதியான செய்தியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், "சூத்திரம் நியாயமானதுதான் என்றால் எங்கள் பள்ளி ஏன் திணறுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எனக்கு அக்கறையும் ஆதங்கமும் அதிகம். பணம் சேர்க்கைக்கு வருவதில்லை, சராசரி அன்றாட வருகைக்கு வருகிறது. பதிவேட்டில் நூறு பேர் இருந்து 94 பேர் வந்தால் 94 பேருக்குத்தான் பணம். 1990களின் இறுதி வரை, மருத்துவர் கடிதம் கொடுத்த விடுப்புக்காவது பணம் வந்தது, இப்போது காய்ச்சலில் படுத்தாலும் அந்த நாளுக்குப் பணம் இல்லை. பள்ளி தொடங்கியது முதல் ஏப்ரல் நடு வரையிலான வருகைதான் கணக்கில் முக்கியம். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் குடும்பங்கள் நம்மில் நிறைய. 180 நாள் பள்ளியாண்டில் 18 நாள் என்பது பத்தில் ஒரு பங்கு, அதாவது மாவட்டத்துக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாத இழப்பு. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கிளம்பும் முன்பே பள்ளி அலுவலகத்தில் இண்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் கேளுங்கள். பிள்ளை கொடுத்த பாடத்தை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகவே எண்ணப்படலாம். கிளம்பிப் போன பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைவது இதைவிடப் பெரிய அடி. 600 பேர் படிக்கும் தொடக்கப் பள்ளியில் 30 பேர் குறைந்தால் சுமார் 3 லட்சம் டாலர் வரவு போகும். ஆனால் அந்த 30 பேர் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை, வகுப்புக்கு நாலைந்து பேராகப் போகிறார்கள். ஒரு வகுப்புப் பிரிவைக்கூட மூட முடியாது. அதே ஆசிரியர்கள், அதே முதல்வர், அதே மின்கட்டணம். மூன்று ஆண்டுச் சராசரியையோ முந்தைய ஆண்டு எண்ணிக்கையையோ எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை விழும் வேகத்தைக் குறைக்கும், விழுவதைத் தடுக்காது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீட்டு விலைக்கு அஞ்சி இளம் குடும்பங்கள் டிரேசிக்கும் சாக்ரமென்டோவுக்கும் போக, பள்ளி மாவட்டங்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன.

செலவுப் பக்கம் வேறொன்று. ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டங்கள் கட்ட வேண்டிய பங்கு 2013-14இல் சம்பளத்தில் 8.25 சதவீதம், 2022-23 முதல் 19.1 சதவீதம். அடிப்படை மானியம் ஏறியதாகத் தெரிவதில் ஒரு பகுதி இங்கே கரைந்துவிடுகிறது. மாநிலம் தரும் ஆண்டு உயர்வும் ஒரே சீராக இருப்பதில்லை: 2023-24இல் 8.22 சதவீதம், அடுத்த ஆண்டு 1.07 சதவீதம். அதிக உயர்வு வந்த ஆண்டில் சம்பள ஒப்பந்தம் போட்ட மாவட்டம் அடுத்த ஆண்டு தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சூத்திரத்தில் ஊருக்கு ஊர் மாறும் வாழ்க்கைச் செலவுக்கு இடமே இல்லை. ஃப்ரெஸ்னோவில் ஒரு பிள்ளைக்கு என்ன அடிப்படைத் தொகையோ அதுதான் ஃப்ரீமான்ட்டிலும். ஆனால் ஃப்ரீமான்ட்டில் ஓர் ஆசிரியர் வாடகை கொடுத்து வாழ எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நியூ ஜெர்சியின் சூத்திரத்தில் கவுன்டிவாரியாக இதற்கு ஒரு திருத்தம் உண்டு. இங்கே இல்லை, இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

ஆனால் குறைந்த வருமானப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கொடுப்பதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அந்தப் பகுதி சரி. பணம் கொடுத்தால் படிப்பு உயருமா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். எரிக் ஹனுஷெக் போன்றவர்கள், எவ்வளவு என்பதைவிட எப்படிச் செலவழிக்கிறோம் என்பதே முக்கியம் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் 2016இல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ மூவரும் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றத் தீர்ப்புகளால் கூடுதல் பணம் பெற்ற மாவட்டங்களின் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்து, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பும் வருமானமும் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியது. எல்.சி.எஃப்.எஃப். பற்றிய ஆய்வுகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது: கூடுதல் பணம் மாவட்டத்துக்கு வருகிறது, அது அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கே போய்ச் சேர்ந்ததா? 2019இல் மாநிலத் தணிக்கையாளர் மூன்று பெரிய மாவட்டங்களை ஆராய்ந்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்ல முடியாத நிலை இருக்கிறது என்று எழுதினார். அந்த ஆண்டு செலவாகாத பணம் அடுத்த ஆண்டு பொதுப் பணத்தோடு கலந்துவிடும் ஓட்டை அப்போது இருந்தது. 2021இல் சட்டம் அதை அடைத்தது.

பாலோ ஆல்டோவின் உபரி நியாயமா? அந்த மாவட்டங்களுக்கு மாநிலம் மிகக் குறைவாகவே கொடுக்கிறது, அந்த மிச்சம் எல்லோருக்கும் பயன்படுகிறது என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் 1971இல் தவறு என்று சொல்லப்பட்ட அதே காரணம், அக்கம்பக்கத்தாரின் சொத்து, அங்கே இன்னும் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது. உபரியில் ஒரு பகுதியையாவது கவுன்டிக்குள் பகிர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதை ஏற்காதவர்கள் நிறைய, அவர்களில் நான் மதிப்பவர்களும் உண்டு.

கடைசியாக நீங்கள் உடனே செய்யக்கூடியவை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருவார்கள். வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து பலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வில் சரளமாக இருப்பதாகத் தெரிந்தால் அதோடு முடிந்தது. தேவை இருப்பதாகத் தெரிந்தால் பிள்ளைக்கு உதவி கிடைக்கும், மாவட்டத்துக்குத் துணை மானியமும் வரும். ஆங்கிலத்தில் தேறியதும் அந்த வகையிலிருந்து மாற்றிவிடுவார்கள். அதேபோல வருமானப் படிவம். 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்பதால் அதை யாரும் நிரப்புவதில்லை, ஆனால் மானியக் கணக்குக்கு அது இன்னும் தேவை. வருமானம் குறைந்த குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால் நிரப்பச் சொல்லுங்கள். அப்புறம், ஒவ்வொரு மாவட்டமும் பணத்தை எப்படிச் செலவழிக்கப் போகிறோம் என்று சொல்லும் எல்-கேப் என்ற திட்டத்துக்கு ஜூலை 1க்குள் ஒப்புதல் தர வேண்டும், அதற்கு முன் பொது விசாரணை உண்டு. பெரும்பாலும் கூடம் காலியாகவே இருக்கும். அங்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: துணை மானியம் எந்தெந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது, அடுத்த மூன்று ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பார்த்தாலே நூலகர் பணி நிலைக்குமா என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும்.